1764 என்று எழுதியிருக்கும் இங்கிலாந்துப் பண்ணை வீடு: ஜன்னலை அடைத்தது வரிக்காகத்தானா?

7 அக்டோபர் 2023 – வாசகர் கேள்வி

மகள் நார்விச்சில் வேலை பார்க்கிறாள். போன வாரம் நார்ஃபோக் கிராமம் ஒன்றில் பழைய பண்ணை வீட்டில் எங்களை இரண்டு ராத்திரி தங்க வைத்தாள். பூச்சே இல்லாத சிவப்புச் செங்கல் வீடு. முகப்பில் மாடி உயரத்தில் இரும்பில் செய்த 1, 7, 6, 4 என்ற எண்கள், ஒவ்வொன்றும் முழங்கை நீளம். இரண்டு ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். ஒன்று மாடியில் வாசலுக்கு நேர் மேலே, இன்னொன்று பக்கச் சுவரில். அந்தக் காலத்தில் ஜன்னலுக்கு வரி போட்டார்களாம், அதைத் தவிர்க்க அடைத்ததாம், வீட்டுக்காரர் சொன்னார். ஆக 1764-ல் இங்கிலீஷ் பாண்ட் என்ற செங்கல் அடுக்கு முறையில் கட்டி, 260 வருஷமாக அசையாமல் நிற்கிற செங்கல் வீடு. இன்றைக்கு நாம் கட்டுவது அறுபது வருஷம் தாங்குமா? சிவில் படித்தவர்கள் யாருக்காவது இதில் மறுப்பு உண்டா?

அன்றே, இரவு

உண்டு. ஏறக்குறைய எல்லாவற்றிலும்.

சஃபோக்கில் இப்படி ஒரு வீட்டில் ஏழு வருஷமாகக் குடியிருக்கிறேன். அப்பா கொத்தனார், நான் சிவில் டிப்ளமோ. இந்த இரண்டு தகுதியும் அந்த வீட்டை வாங்கும்போது ஒரு பைசாவுக்கு உதவவில்லை. அந்தக் கதை பிறகு.

முகப்பில் இருக்கும் எண் முகப்பின் வயது. வீட்டின் வயது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிழக்கு இங்கிலாந்தில் பண்ணை வீடுகளைப் பெரும்பாலும் கட்டியவர் தச்சர். ஓக் மரச் சட்டம், இடையில் குச்சிப் பின்னல், அதன் மேல் வைக்கோல் கலந்த களிமண். 18-ம் நூற்றாண்டில் செங்கல் முகப்பும் மேலும் கீழும் தள்ளும் ஜன்னலும் அந்தஸ்து ஆகிவிட்டன. தானிய விலை ஏறி கையில் காசு புரண்ட குடியானவர் வீட்டை இடித்துக் கட்டவில்லை. முன்பக்கம் மட்டும் ஒரு செங்கல் சட்டை போட்டார்.

முழுச் சட்டையே போட்டவர்களும் உண்டு. ஸ்டாஃபோர்ட்ஷயரில் மோஸ்லி ஓல்ட் ஹால் 1600 வாக்கில் மரச் சட்டத்தில் எழுந்த வீடு. 1651-ல் வூஸ்டர் போரில் தோற்று ஓடிய இரண்டாம் சார்லஸ் மன்னர் அங்கேதான் ஒளிந்திருந்தார். இன்று போய் நின்றால் விக்டோரியா காலத்துச் செங்கல் பண்ணை வீடு மாதிரித் தெரியும். 1870 வாக்கில் வெளியே செங்கல் போர்த்திவிட்டார்கள். மன்னர் ஒளிந்த வீடே இப்போது செங்கலுக்குள் ஒளிந்திருக்கிறது.

மறுபடி போனால் மூன்று விஷயம் பாருங்கள். வீட்டின் பின்பக்கம் எப்படி இருக்கிறது? முன்கதவைத் திறந்தால் நேர் எதிரே அறை வருகிறதா, சுவர் வருகிறதா? கீழிருந்து நாலு வரி செங்கல் சேர்த்து எத்தனை இஞ்ச்?

8 அக்டோபர், காலை

ஒருவர் "வரி என்றால் என்ன, டாக்ஸா?" என்று கேட்கிறார். கொத்தனார் பேச்சில் ஒரு வரி என்றால் கிடைமட்டமாக ஓடும் ஒரு வரிசைக் கல். இங்கிலாந்தில் செங்கலுக்கும் வரி போட்டார்கள் என்பதால் இந்த இழையில் குழப்பம் நிச்சயம். அடுக்குகிற வரி, கட்டுகிற வரி என்று வைத்துக்கொள்ளலாமா? இரண்டையுமே கட்டத்தான் வேண்டும். விடுங்கள்.

8 அக்டோபர், மாலை

ஜன்னலுக்கு வருவோம். ஜன்னல் வரி உண்மை. 1696-ல் வந்தது, 1851-ல் போனது. அதனால் இங்கிலாந்தில் அடைத்த ஜன்னலைக் கண்டால் டாக்ஸி ஓட்டுநர் முதல் வாத்தியார் வரை எல்லோரும் சொல்வது இந்த ஒரே கதை. பாதி இடங்களில் அது பொய்.

அந்தக் காலத்து முகப்புக்கு இடமும் வலமும் ஒத்துப்போக வேண்டும். வாசல் நடுவில், ஜன்னல்கள் இரு பக்கமும் சமமாக. உள்ளே அந்த இடத்தில் அறையே இல்லையென்றால்? ஜன்னல் மாதிரி ஒரு குழிவு விட்டு, மேலே வளைவும் கீழே படியும் வைத்து, நடுவில் செங்கலை நிரப்பிவிடுவார்கள். பிறந்ததிலிருந்தே குருட்டு ஜன்னல்.

கண்டுபிடிப்பது சுலபம். பக்கவாட்டில் அடைப்புச் செங்கலும் சுவர்ச் செங்கலும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் போகிறதா, அல்லது கத்தியால் கீறிய மாதிரி மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடா? கோத்திருந்தால் கட்டும்போதே அடைத்தது. நேர்க்கோடு என்றால் பிறகு அடைத்தது.

பிறகு அடைத்திருந்தாலும் வரிதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஹாம்ப்ஷயரில் சாட்டன் ஊரில் எழுத்தாளர் ஜேன் ஆஸ்டின் குடியிருந்த வீடு 17-ம் நூற்றாண்டுச் செங்கல் வீடு. ஒரு காலத்தில் பண்ணை வீடு, பிறகு சாராயக் கடையோடு சேர்ந்த சத்திரம். 1809-ல் அவர்கள் குடிவந்தபோது, சாலையைப் பார்த்த பெரிய ஜன்னலை அண்ணன் எட்வர்ட் அடைத்துவிட்டு, தோட்டத்துப் பக்கம் வேறு ஜன்னல் திறந்து கொடுத்தார். வண்டியில் போகிறவர்கள் எல்லாம் கூடத்துக்குள் எட்டிப் பார்க்கிறார்கள் என்பதுதான் சங்கடம். ஒன்றை மூடி ஒன்றைத் திறந்தால் எண்ணிக்கை குறையுமா?

9 அக்டோபர்

மேலே "பாதி இடங்களில் பொய்" என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கணக்குக் கேட்கிறார். கணக்கு இல்லை, வாய் நீளம். வரிக்காக அடைத்ததும் நிறைய. 1747-க்குப் பிறகு பத்து ஜன்னல் ஆனதும் ஒவ்வொன்றுக்கும் ஆறு பென்ஸ் கட்ட வேண்டியிருந்தது. பத்து ஜன்னல்காரர் ஒன்றை மூடி ஒன்பதாக்குவது புத்திசாலித்தனம்தானே. என் வாதம் இவ்வளவுதான்: கதையை நம்புமுன் செங்கலும் செங்கலும் சேரும் மூட்டைப் பாருங்கள்.

இன்னொரு ருசியான விஷயம். பால் அறைக்கும் சீஸ் அறைக்கும் வரிவிலக்கு உண்டு, கதவில் எழுதியிருக்க வேண்டும். அதனால் சில பண்ணை வீடுகளில் இன்றும் கதவுநிலையில் 'சீஸ் ரூம்' என்று பெயின்ட் எழுத்து மங்கலாகத் தெரியும். பழைய கால ஜி.எஸ்.டி. தந்திரம்.

11 அக்டோபர்

இங்கிலீஷ் பாண்ட். ஐயோ.

பாலிடெக்னிக்கில் இந்தப் படத்தை வரையாதவர் யார்? ஒரு வரி முழுக்க ஸ்ட்ரெச்சர், கல்லின் நீளப்பக்கம் தெரியும். அடுத்த வரி முழுக்க ஹெட்டர், கல்லின் குட்டைப் பக்கம் தெரியும். மூலையில் குயின் குளோசர். எனக்கு அதில் 10-க்கு 9. இங்கிலாந்துக்கு வந்து கிராமம் கிராமமாக இங்கிலீஷ் பாண்டைத் தேடினேன். 18-ம் நூற்றாண்டுப் பண்ணை வீட்டு முகப்பில் அது தென்படவே இல்லை. அங்கே இருப்பது ஃப்ளெமிஷ் பாண்ட்: ஒரே வரியில் ஒரு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம், ஒரு குட்டை. லண்டனில் 1631-ல் கட்டிய கியூ அரண்மனையில் பளிச்சென்று தெரியும். அது பிறகு மெல்ல மெல்லக் குடியானவர் வாசல்வரை இறங்கி வந்தது. 16-ம் நூற்றாண்டு, டியூடர் மன்னர்கள் காலத்துச் சுவரானால் இங்கிலீஷ் பாண்ட் பார்க்கலாம். அல்லது முகப்பை விட்டுவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போக வேண்டும். அங்கே மூன்று வரி அல்லது ஐந்து வரி ஸ்ட்ரெச்சருக்கு ஒரு வரி ஹெட்டர். கல் மிச்சம், கூலி மிச்சம், பார்க்க வருகிறவர் மாடு மட்டும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பதும் ஃப்ளெமிஷ்தான். பெரிதாக்கிப் பாருங்கள், ஹெட்டர் எல்லாம் கொஞ்சம் கருத்து, நீலச் சாம்பலாக மினுமினுக்கும். சூளையில் நெருப்புக்கு நேராக மூஞ்சியைக் காட்டிய கற்கள். அவற்றைத் தனியே பொறுக்கி வைத்து, கோலப்புள்ளி மாதிரி முகப்பில் இட்டிருக்கிறார்கள்.

11 அக்டோபர், பின்னிரவு

தூக்கம் வரவில்லை, கதையைச் சொல்லிவிடுகிறேன்.

வீடு பார்க்கப் போன நாள். முகப்பில் ஹெட்டர் தெரிகிறது. ஹெட்டர் தெரிந்தால் கல் குறுக்கே உள்ளே போகிறது என்று அர்த்தம், அதாவது குறைந்தது ஒன்பதிஞ்ச் சுவர். இதைப் பரீட்சைத்தாளில் எழுதியவன் நான். கூட வந்த மனைவியிடம் "திடமான ஒன்பதிஞ்ச் சுவர், கவலையே வேண்டாம்" என்றேன். வீடு விற்ற பெண்மணி மரியாதையாகச் சிரித்தார்.

குடிவந்து ஒரு மாசம் கழித்துத் தபால் பெட்டி மாட்ட முகப்பில் துளை போட்டேன். நாலரை இஞ்ச்சில் டிரில் சரேலென்று உள்ளே போய்விட்டது. கல் முடிந்து, வெறும் இடைவெளி, அதற்கப்பால் குச்சியும் களிமண்ணும். என் ஹெட்டர்கள் எல்லாம் பாதியாக உடைத்து ஒட்டிய அரைக்கல். ஃப்ளெமிஷ் பாண்ட் மாதிரி நடிக்கிற நாலரை இஞ்ச் தோல். அப்பாவிடம் போனில் சொன்னேன். "கல்லை நம்பலாம், கொத்தனாரை நம்பாதேன்னு நான் சொல்லலியா?" என்றார்.

ஜன்னலைப் பார்த்திருந்தாலே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கனமான செங்கல் சுவரில் ஜன்னல் சட்டத்தை உள்ளே தள்ளி வைக்க இடம் இருக்கும். தோலில் இடம் ஏது? சட்டம் சுவர் முகத்தோடு ஒட்டி நிற்கும். என் வீட்டில் அப்படித்தான் நின்றது, நான்தான் பார்க்கவில்லை.

14 அக்டோபர்

"செங்கல் இங்கிலாந்துக்கு டியூடர் காலத்தில்தான் வந்தது" என்று எழுதியவருக்கு: ரோமானியர் சுட்டார்கள். அவர்கள் போனதும் அந்தத் தொழிலே அற்றுப்போனது. அதற்குப் பிறகு நூற்றாண்டுக் கணக்கில் அவர்கள் விட்டுப்போன கல்லைப் பொறுக்கித்தான் கட்டினார்கள். செயின்ட் ஆல்பன்ஸ் தேவாலயக் கோபுரம் ரோமானியச் செங்கல். புதிதாகச் சுட்ட கல்லில் எழுந்த ஆரம்பகால வீடுகளில் ஒன்று எங்கள் சஃபோக்கில், லிட்டில் வென்ஹம் ஹால், 1270-கள் வாக்கில். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை எல்லாம் அதற்கு 240 வருஷம் பிந்தி. முதலில் பிரபு, பிறகு பணக்காரர், கடைசியில்தான் குடியானவர்.

குடியானவர் வீட்டிலும் செங்கல் முதலில் வந்தது புகைபோக்கியாகத்தான். மர வீடு, கூரை வைக்கோல், நடுவில் நெருப்பு. எதைச் செங்கலில் கட்ட வேண்டும் என்பதற்கு யோசனையே தேவையில்லை.

15 அக்டோபர்

கல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு: வீட்டுக்குப் பக்கத்தில் குட்டை இருக்கிறதா? அதைக் கேளுங்கள்.

இலையுதிர் காலத்தில் மண் வெட்டிக் குவிப்பார்கள். குளிர்காலம் முழுக்கப் பனியில் கிடந்து கட்டிகள் உடையும். கோடையில் அச்சில் அறுத்துக் காயவைத்து, அந்த வயலிலேயே அடுக்கி மூட்டம் போட்டுச் சுடுவார்கள். வண்டிப் பாதை அவ்வளவு மோசம். கல்லைச் சுமப்பதைவிடச் சூளைக்காரரை அழைத்து வருவது மலிவு. அதனால்தான் பத்து மைலுக்கு ஒரு நிறம். மண்ணில் இரும்பு இருந்தால் சிவப்பு. சுண்ணாம்பு கலந்திருந்தால் வெண்மஞ்சள். என் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் வுல்பிட் என்று ஒரு ஊர், அதன் வெள்ளைச் செங்கல் பேர்போனது. சிவப்பு பழசாகிப் போன காலத்தில் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் முகப்புக்கு மட்டும் வெள்ளை வாங்கியிருக்கிறார். பக்கச் சுவர் சிவப்பு. பவுடர் கழுத்தோடு நின்றுவிட்டது.

21 அக்டோபர் – கேள்வி கேட்டவர்

சார், போன சனிக்கிழமை போய் வந்தோம். மகள் சிரிக்கிறாள், "ஊர் சுற்றிப் பார்க்கச் சொன்னால் டேப் வைத்து அளக்கிறீர்கள்" என்று. பின்பக்கம் பாதிக்கு மேல் வெள்ளைப் பூச்சு, இடையில் மரம் தெரிகிறது. முன்கதவைத் திறந்தால் எதிரே சுவர்தான், இடப்பக்கம் ஒரு கதவு, வலப்பக்கம் ஒரு கதவு. முகப்பில் நாலு வரிக்கு 13 இஞ்ச் வருகிறது. பக்கச் சுவர் ஜன்னலில் நீங்கள் சொன்ன நேர்க்கோடு இருக்கிறது. மாடி ஜன்னலில் கோடு இல்லை. S மாதிரி இரும்பு ஒன்றும் பக்கச் சுவரில் இருக்கிறது, அது அலங்காரமா?

21 அக்டோபர், இரவு

அட!

எதிரே வந்த சுவர்தான் வீட்டின் முதுகெலும்பு, அந்தப் பெரிய புகைபோக்கி. இரண்டு பக்கமும் முதுகுக்கு முதுகாக அடுப்பு. ஒரு பக்கம் புழங்கும் கூடம், மறுபக்கம் விருந்தாளி அறை. கதவைத் திறந்ததும் காற்று நேராக நெருப்புக்குப் போகாமல் அந்தச் சுவர் தடுக்கும். 16-ம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, 17-ம் நூற்றாண்டில் கிழக்கு இங்கிலாந்தில் இப்படித்தான் வீடு போட்டார்கள். 1764-ல் முழுசாகப் புதிதாய்க் கட்டுகிறவர் நடுவில் அகலமான நடையும் மாடிப்படியும் வைத்து, புகைபோக்கிகளை இரு ஓரத்துக்கும் தள்ளியிருப்பார். ஆக உங்கள் வீடு எண்ணைவிட ஒரு நூறு வயசாவது மூத்தது என்று பந்தயம் கட்டுவேன்.

மாடியில் நடு ஜன்னல் குருடானதற்கும் இதுதான் காரணம். அதற்கு நேர் பின்னே அந்தப் புகைபோக்கிதான் ஏறிப் போகிறது. அங்கே ஜன்னல் வைத்தால் கரியைத்தான் பார்க்கலாம். பிறவிக் குருடு.

பக்கச் சுவர் ஜன்னல் நிஜ ஜன்னல், பிறகு அடைத்தது. உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு மதிப்பெண்.

S அலங்காரம் இல்லை. உள்ளே மாடித் தரையின் உத்திரத்திலிருந்து ஒரு இரும்புக் கம்பி சுவரைத் துளைத்து வெளியே வருகிறது, அதன் கடைசியில் பிடிக்கும் தட்டு அது. சுவர் வெளியே சாயாமல் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். "அசையாமல் நிற்கிற" என்று எழுதினீர்களே, அசைந்ததற்குச் சாட்சி சுவரிலேயே இருக்கிறது. 1, 7, 6, 4 நான்கும் அதே மாதிரித் தட்டுகளாக இருக்கலாம். நார்ஃபோக்கில் அந்த வழக்கம் உண்டு.

13 இஞ்ச் வராது. டேப்பைச் சரியாகப் பிடியுங்கள்.

22 அக்டோபர்

ஏன் வராது என்று கேட்டிருக்கிறீர்கள். டியூடர் கல் இரண்டு, இரண்டேகால் இஞ்ச் தடிமன். 18-ம் நூற்றாண்டு நடுவில் இரண்டரை. நாலு கல்லும் நாலு மூட்டும் சேர்ந்தால் பதினொன்று, பதினொன்றரை. 13 என்றால் மூன்று இஞ்ச் கல். அது பிந்தைய சங்கதி: 1784-ல் அமெரிக்கப் போர்க் கடனை அடைக்கச் செங்கலுக்கு வரி போட்டார்கள், ஆயிரம் கல்லுக்கு இரண்டரை ஷில்லிங். எண்ணிக்கைக்குத்தானே வரி? கல்லைப் பெரிதாக்கு. லெஸ்டர்ஷயரில் ஜோசப் வில்க்ஸ் என்பவர் சாதாரணக் கல்லைப் போல இரண்டு மடங்கு பருமனில் அறுத்துத் தள்ளினார். 1803-ல் சர்க்கார் விழித்துக்கொண்டு, 150 கன இஞ்சுக்கு மேல் போனால் இரட்டை வரி என்றது. மொத்தமாக வரி ஒழிந்தது 1850-ல்.

நீங்கள் அளந்தது பிற்காலத்தில் பழுதுபார்த்த இடமாக இருக்கும். கல் தடிமனை மட்டும் வைத்து வயசு சொல்லவும் கூடாது. பழங்கல்லைத் திரும்பப் பயன்படுத்தியிருப்பார்கள், சூளைக்குச் சூளை அளவு மாறும்.

கென்ட், சஸெக்ஸ் பக்கம் இன்னொரு தந்திரம் உண்டு: மரச் சுவரில் ஓடுகளை ஆணியடித்து, வெளியே அசல் செங்கல் மாதிரியே தெரியவைப்பார்கள். செங்கல் வரியை ஏமாற்றத்தான்.

23 அக்டோபர்

திருத்தம். கடைசி வாக்கியம் தப்பு. 1784-ல் ஓடுகளுக்கும் சேர்த்தே வரி போட்டார்கள், எனவே ஏமாற்றியிருக்க முடியாது. இந்த ஓடுகள் வரிக்கு முன்பே இருந்தன. மர வீட்டுக்கு எடை கூடாமல் செங்கல் முகம் கொடுக்கத்தான் அவை. ஜன்னல் கதையை நம்பாதீர்கள் என்று மூன்று பத்தி உபதேசம் செய்துவிட்டு நானே அதே மாதிரிக் கதையை விட்டிருக்கிறேன்.

4 நவம்பர்

சிமென்ட் பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இதற்குப் பதில் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

குடிவந்த இரண்டாம் வருஷம் மேற்குச் சுவரில் மூட்டுக் காரை உதிர்ந்துகொண்டிருந்தது. விரலால் நோண்டினால் மண்ணாகக் கொட்டும். எனக்கு ஒரே அருவருப்பு. இந்த மண்ணாங்கட்டியை வைத்தா கட்டினார்கள்? ஆளை வைத்து, பக்கத்தில் நின்று, ஒன்றுக்கு மூன்று சிமென்ட் கலவையில் பாயிண்டிங் போடச் சொன்னேன். சொன்னது நான், போட்டவரைக் குறை சொல்ல முடியாது. அவர் "சுண்ணாம்பு போடலாமே" என்று ஒருமுறை இழுத்தார். டிப்ளமோ பேசியது, அவர் சும்மா இருந்துவிட்டார்.

இரண்டு குளிர்காலம். மூன்றாம் வசந்தத்தில் சுவரடியில் சிவப்புச் செதில் செதிலாகக் குவியல். கல்லின் முகம் கழன்று விழுந்திருக்கிறது. மூட்டு மட்டும் அப்படியே, வீட்டுக்கு எலும்பு துருத்திய மாதிரி முன்னே நீட்டிக்கொண்டு.

நடந்தது இதுதான். அந்தச் சுவரில் மழை உள்ளே போகத்தான் செய்யும். போன ஈரம் மெத்தென்ற சுண்ணாம்பு மூட்டு வழியாகக் காய்ந்து வெளியேறும். தேய்வதும் மூட்டுதான், அறுபது எழுபது வருஷத்துக்கு ஒருமுறை நோண்டி எடுத்துப் புதிதாக அடைப்பார்கள். நான் அந்த வழியைச் சிமென்ட் போட்டு மூடினேன். ஈரம் கல் வழியே வரப் பார்த்தது, அங்கேயே பனியாக உறைந்து விரிந்தது, கல்லின் முகத்தைத் தள்ளிவிட்டது. நம் ஊரில் உறைபனி இல்லாததால் எனக்கு உறைக்கவில்லை.

சிமென்டை வெட்டி எடுக்கப் போனால் கல்லும் சேர்ந்து வந்தது. 140 கல் மாற்றினோம், பழையது தேடி அலைந்து. போர்ட்லேண்ட் சிமென்டுக்கு 1824-ல் காப்புரிமை வாங்கிய ஜோசப் ஆஸ்ப்டின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார். அவரை அந்த வருஷம் நான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன், நல்ல வார்த்தையில் இல்லை.

5 நவம்பர்

இல்லை, இங்கே சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் போடுவதில்லை. சுண்ணாம்பு, மணல், உள்பூச்சானால் மாட்டு மயிர் அல்லது ஆட்டு மயிர். அப்பா இதைக் கேட்டு, "வெல்லம் இல்லாமலா?" என்று வெள்ளைக்காரர் மேல் பரிதாபப்பட்டார்.

19 நவம்பர்

எலிப்பொறிக் கட்டு பற்றிக் கேட்டவருக்கு. ஆமாம், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பிரபலமாக்கிய அதே ராட் டிராப் பாண்ட். பேக்கர் 1917-ல் பர்மிங்காமில் பிறந்தவர். இங்கே 19-ம் நூற்றாண்டில் கூலியாள் குடிசைக்கும் கொட்டகைக்கும் தோட்டச் சுவருக்கும் அப்படிக் கட்டினார்கள்: கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் பொந்து விட்டு. கல்லில் நாலில் ஒரு பங்கு மிச்சம். இங்கே ஏழைச் சுவர் என்று ஒதுக்கியது அங்கே போய்ப் பொந்துக் காற்றால் வெயிலைத் தடுக்கிற சுவராகப் பேர் வாங்கிவிட்டது. என் வீட்டுப் பன்றிக் கொட்டகை எலிப்பொறிக் கட்டுதான். எலியும் உண்டு.

2 டிசம்பர்

குளிர். வெளியே போக முடியாததால் உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெரிய அடுப்புக்கு மேலே குறுக்கு உத்திரத்தில் கண்ணீர்த்துளி வடிவில் கரிந்த தழும்புகள், ஏழெட்டு. மெழுகுவர்த்தியைக் கவனமில்லாமல் வைத்துச் சுட்டது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிவந்தேன். தப்பாம். அந்த வடிவத்தில் அவ்வளவு ஆழம் வர வேண்டுமென்றால் சுடரைச் சாய்த்து நிமிஷக் கணக்கில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வேண்டுமென்றே வைத்த சூடு. நெருப்பு அண்டாமலிருக்கக் காப்பு என்கிறார்கள். கண் படாமலிருக்க நாம் கன்னத்தில் வைக்கிற மை மாதிரி என்று மனைவி சொல்கிறாள்.

புகைபோக்கிக்குள் பழைய செருப்பை ஒளித்து வைக்கிற வழக்கமும் உண்டு. அப்படிக் கிடைத்தவற்றுக்கு நார்த்தாம்ப்டன் அருங்காட்சியகத்தில் ஒரு பதிவேடே இருக்கிறது. ஆசையாகக் கைவிட்டுத் துழாவினேன். காக்கைக்கூடும் ஒரு உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டும் கிடைத்தன. பதிவேட்டுக்கு எழுதவில்லை.

13 ஜனவரி 2024 – கேள்வி கேட்டவர்

சார், ஊருக்குக் கிளம்புமுன் கடைசியாக ஒருமுறை போனேன். நாலு இடத்தில் அளந்தேன், பழுதுபார்த்த இடம் எதுவும் கண்ணில் படவில்லை. எல்லா இடத்திலும் 13, ஒரு இடத்தில் பன்னிரண்டே முக்கால். டேப் மகள் ஆபீஸ் டேப், நல்ல டேப். பக்கச் சுவர் ஜன்னல் இருப்பது பழைய பால் அறை என்று வீட்டுக்காரரே சொன்னார். அப்படியானால் அதற்கு வரி கிடையாதே, எதற்கு அடைத்தார்கள்?

13 ஜனவரி, இரவு

பால் அறை சங்கதி என் கழுத்தைப் பிடிக்கிறது. எழுதி மாட்டியிருந்தால் வரி இல்லை. எழுதாமல் விட்டிருக்கலாம். அல்லது வரியே ஒழிந்த பிறகு பால் வியாபாரம் நின்றுபோய், குளிருக்கு அடைத்திருக்கலாம். அடைப்புக் கல்லின் தடிமனையும் அளந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். வீட்டுக்காரருக்குக் கொடுத்த ஒரு மதிப்பெண்ணை அரையாகக் குறைக்கிறேன்.

13-க்குப் பதில் இல்லை. 1764-ல், நார்ஃபோக்கில், மூன்று இஞ்ச் கல்லா?

14 ஜனவரி, காலை 5 மணி

எண்களின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கும் சுவரிழு தட்டுகள்தான், நடுவில் ஒற்றை மரை. ஒற்றை மரை என்றால் தட்டை எந்தப் பக்கமும் திருப்பி மாட்டலாம்.

6-ஐத் தலைகீழாகத் திருப்பினால் என்ன வரும்?

1794. செங்கல் வரி வந்து பத்து வருஷம். ஆயிரத்துக்கு இரண்டரை ஷில்லிங்காக இருந்ததை நாலு ஷில்லிங்காக ஏற்றிய அதே வருஷம். கல்லைப் பெரிதாக அறுக்கக் காரணம் இருந்த வருஷம். உங்கள் 13 இஞ்ச் சரி. உங்கள் டேப்பிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

எப்போதாவது பெயின்ட் அடிக்கக் கழற்றினார்களா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

20 ஜனவரி – கேள்வி கேட்டவர்

மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் அப்பா காலத்தில் ஒருமுறை கழற்றித் துரு சுரண்டி மாட்டினார்களாம். 9-ஆ 6-ஆ என்று அவருக்கு ஞாபகம் இல்லை. ஏணி கிடைக்குமா, தட்டைக் கிட்டப் பார்க்க வேண்டும் என்று மகள் கேட்டிருக்கிறாள். தர மாட்டேன் என்றுவிட்டார். வாசல் பலகையிலும் தங்கும் அறை விளம்பரத்திலும் 1764 என்று அச்சடித்தாகிவிட்டதாம்.

20 ஜனவரி, இரவு

ஏப்ரலில் நானே ஒரு அறை போடுகிறேன். என்னிடம் மடக்கு ஏணி இருக்கிறது.